பற்றரி வேண்டாத நெருப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அதன் மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்ட காலம் ஒன்று உண்டு. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. அதன்பின், வடபகுதிக்கு எடுத்துச் செல்லலாகாது எனப் பல பொருள்கள் தடுக்கப்பட்டன. பெற்றோலும் பற்றரியும் அவற்றுள் அடங்கும். பொது மின்சாரமும் நின்றது. வீடுகளில் ஜாம் போத்தலுக்குள் திரியிட்ட சிறு விளக்கு எரிந்தது. எந்தக் கருவியைக் கண்டாலும், இது பற்றரியின்றி இயங்குமா என்பதே முதற் கேள்வியாயிற்று.

சைக்கிள் டைனமோ அக்கேள்விக்கு ‘ஆம்’ என்று விடை சொன்னது. ரயரோடு உரசிச் சுழலும் சிறு காந்தம் ஒன்றும், அதனைச் சூழ்ந்த கம்பிச் சுருள் ஒன்றுமே அதன் உள்ளுறுப்புகள். அது தருவது 6 வோல்ற்று, 3 உவாற்று, அவ்வளவே. ஆயினும், அதனைத் திசைமாறா மின்னோட்டமாக்கி வானொலிப் பெட்டிக்குக் கொடுத்தபோது, உலகச் செய்தி இருளடைந்த வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. இந்த டைனமோவுக்கு மூத்த உறவினர் ஒருவர் உண்டு. பழைய மோட்டார் சைக்கிள்களின் சிலிண்டருக்கு அருகே, ஒரு தேங்காய்ச் சிரட்டையினும் சற்றுப் பெரிய இரும்புக் கூட்டுக்குள் அவர் இருப்பார். மக்னீற்றோ என்பது பெயர். அவரைப் பற்றியதே இப்பேச்சு.

யந்திரம் ஒன்று ஓடுவதற்குக் காற்றும் எரிநெய்யும் வேண்டும். அவற்றைப் பற்றவைக்க நெருப்பும் வேண்டும். முதலிரண்டும் இருந்து மூன்றாவது இல்லையேல், வண்டி வெறும் இரும்பு. நெருப்பைக் கொடுக்க இரு வழிகள் உள்ளன. பற்றரியிலே சேர்த்து வைத்த மின்சாரத்தைக் கொயில் ஒன்றினூடாகப் பெருக்கி, பிளக்கின் நுனியில் பொறியாக்குவது ஒரு வழி. யந்திரத்தின் சுழற்சியிலிருந்தே மின்சாரத்தைப் பிறப்பித்து, அப்போதைக்கப்போதே பொறியாக்குவது மற்ற வழி. முன்னது சேமித்த செல்வத்தில் வாழும் குடும்பம். பின்னது அன்றாடம் உழைத்து உண்ணும் குடும்பம். மக்னீற்றோ இரண்டாவது இனத்தைச் சேர்ந்தது.

அதன் உள்ளே நடப்பது யாது? காந்தத்தின் அருகே கம்பிச் சுருள் அசைந்தால், அக்கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்பதனை 1831ஆம் ஆண்டில் மைக்கல் பரடே கண்டறிந்தார். பழைய மக்னீற்றோவில், நிலையான காந்தத்தின் இரு முனைகளுக்கு இடையே ஒரு சுருள் சுழல்கின்றது. அச்சுருளில் இரு சுற்றுகள் உண்டு. உள்ளே தடித்த கம்பி சில சுற்று. அதன்மேல் தலைமயிரினும் மெல்லிய கம்பி பல ஆயிரம் சுற்று. தடித்த கம்பியில் மின்னோட்டம் உச்சத்தை அடையும் கணத்தில், பொயின்ற் எனப்படும் சிறு வாய் திறந்து அதன் ஓட்டத்தை அறுத்துவிடுகின்றது. தோட்டத்து வாய்க்காலில் விரைந்து ஓடும் நீரைப் பலகையிட்டுத் திடீரென மறித்தால், நீர் எப்படிக் கரைமீறி எழுகின்றதோ, அப்படியே மெல்லிய கம்பியில் பல்லாயிரம் வோல்ற்று எழுகின்றது. அது காபன் தூரிகை வழியாகவும் தடித்த வயர் வழியாகவும் சென்று, பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகின்றது. பொயின்ற் திறக்கும் இடத்திலும் ஒரு வீண்பொறி தோன்ற முயலும். அதனை விழுங்கிக் கொள்வது கொன்டென்சர் என்னும் சிறு உறுப்பு. உருவத்திற் சிறியதாயினும், பின்னர் வரும் தொல்லைகளுக்கெல்லாம் பெரும்பாலும் காரணர் இவரே.

இவ்வமைப்பு பிறந்த கதையும் சுவையானது. முதன்முதல் வந்த மோட்டார் வண்டிகளிற் பல பற்றரியையே நம்பின. பற்றரி இடைவழியில் ஓய்ந்தால் வண்டியும் ஓய்ந்தது. ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரில் பட்டறை வைத்திருந்த ரொபேட் பொஷ், ஓரிடத்தில் நிலைத்து நின்று ஓடும் யந்திரங்களுக்கு 1887 முதல் மக்னீற்றோ செய்து வந்தார். 1897இல், ஆங்கில வணிகரான பிரெட்ரிக் சிம்ஸ் என்பவரின் வேண்டுகோளின் பேரில், டி டியோன் பூத்தோன் முச்சக்கர மோட்டார் ஒன்றுக்கு அக்கருவி பொருத்தப்பட்டது. விரைந்து சுழலும் சிறு யந்திரத்துக்கும் அது ஈடுகொடுத்தது. பொஷ் நிறுவனத்தின் பொறியியலாளர் கொட்லொப் ஹொனோல்ட், 1902ஆம் ஆண்டளவில், உயர்ந்த வோல்ற்றைத் தந்து பிளக்கில் பொறியெழுப்பும் மக்னீற்றோவை உருவாக்கினார். அதுவே பின்னர் உலகெங்கும் பரவிய வடிவம்.

பரவியது என்றால், செய்தவர் ஒரு நாட்டினர், பயன்படுத்தியவர் பல நாட்டினர் என்ற நிலை. 1914இல் முதலாம் உலகப் போர் மூண்டபோது, பிரித்தானியாவின் மோட்டார் வண்டிகளும் விமானங்களும் பெரும்பாலும் ஜேர்மனியில் செய்த மக்னீற்றோவிலேயே ஓடிக்கொண்டிருந்தன. போர் தொடங்கியதும் வரவு நின்றது. பகைவனின் பொருளின்றிப் பகைவனோடு பொரும் யந்திரம் ஓடாது என்ற விந்தையான நெருக்கடி ஏற்பட்டது. லூக்காஸ் நிறுவனம், மக்னீற்றோ செய்துவந்த தொம்சன் பெனற் என்ற நிறுவனத்தை அவ்வாண்டிலேயே வாங்கியது. வேறு சிலரும் அத்தொழிலில் இறங்கினர். வல்லரசு ஒன்றே பொருள்வரவு நின்றபோது திகைத்துப் பட்டறையில் இறங்கிய இச்செய்தியை, பொருளாதாரத் தடைக்காலத்தைக் கண்ட யாழ்ப்பாணத்தார் புன்முறுவலோடு கேட்கலாம்.

லூக்காஸின் மக்னீற்றோக்களே பின்னர் பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களோடு உலகெங்கும் சென்றன. இரண்டாம் உலகப் போரில் படைகளுக்காக ஒரு லட்சத்துக்கு மேற்பட்டுச் செய்யப்பட்ட பி.எஸ்.ஏ. எம் 20 என்னும் 500 சி.சி. வண்டியை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது ‘மக்டைனோ’ என்னும் இரட்டைக் கருவி. மேலே டைனமோ, அது விளக்குக்கும் பற்றரிக்கும். கீழே மக்னீற்றோ; அது பொறிக்கு மட்டும். இரண்டும் ஒரே வீட்டில் வாழ்ந்தாலும் சமையல் வேறு. டைனமோ பழுதாயினும், பற்றரியைக் கழற்றி எறிந்தாலும், விளக்கு மட்டுமே அணையும், யந்திரம் நில்லாது.

அப்படியாயின் மக்னீற்றோ ஏன் வழக்கொழிந்தது? குறையில்லாத பொருள் உலகில் இல்லை. மக்னீற்றோவின் பொறி சுழற்சியின் வேகத்தைப் பொறுத்தது. யந்திரம் விரைய விரையப் பொறி வலுக்கும். காலால் உதைத்துத் தொடக்கும் அந்த ஒரு கணத்திலோ, மெலிந்திருக்கும். எப்போது உதவி மிகவும் தேவையோ அப்போது கைச்சுருக்கம் காட்டும் செல்வரைப் போன்றது அது. பற்றரியின் பொறியோ தொடக்கத்திலேயே வலுவானது. அன்றியும், நுண்கம்பி சுற்றிய சுழலும் சுருளைச் செய்வது செலவு மிகுந்த வேலை. ஆல்ற்றனேற்றர் மலிவாக வந்தபின், தொழிற்சாலைகள் பற்றரியையும் கொயிலையும் நாடின. ட்ரயம்ப் நிறுவனம் 1953இல் தன் ஸ்பீட் ட்வின் வண்டிக்கு அவ்வாறு செய்தது. 1960களில் மற்றையோரும் பின்தொடர்ந்தனர். நல்ல பற்றரி கடைதோறும் கிடைக்கும் நாட்டிற்கு அது சரியான முடிவே. கடையே இல்லாமற்போகும் நாட்டைப் பற்றி அத்தொழிற்சாலைகள் எண்ணியிருக்க நியாயமில்லை.

எண்ண வேண்டிய நிலை 1990இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. குடாநாட்டின் பெயரோடு ஒட்டிப்போன ஒஸ்ரின் ஏ 40 கார் பற்றரியையும் கொயிலையும் நம்பியது. முன்புறத்தில் கைப்பிடியிட்டுச் சுழற்றித் தொடக்கலாம்; ஆனால் பொறிக்குப் பற்றரி வேண்டும். அப்பற்றரி செத்தால் புதியது வாராது. மக்னீற்றோ வண்டிக்காரருக்கு இந்தக் கவலை இல்லை. பழைய பிரித்தானிய வண்டி வைத்திருந்தோர் மட்டுமா இப்பேறு பெற்றனர்? இல்லை. 1977இன் பின் இறக்குமதி தளர்ந்தபோது வந்து நிறைந்த யப்பானியச் சிறு வண்டிகளுக்குள்ளும் இம்முறை மறைந்திருந்தது. ஹொண்டா நிறுவனம் 1958இல் வெளியிட்ட முதலாவது ‘சுப்பர் கப்’ வண்டியிலேயே, பிளைவீல் என்னும் கனத்த சில்லுக்குள் காந்தங்களைப் பதித்து, சுருளை அசையாமல் நிறுத்தி, மக்னீற்றோ அமைத்திருந்தார்கள். இங்கே சுழல்வது காந்தம், நிற்பது சுருள். உடையக்கூடிய உறுப்புகள் சுழலாமையால் இவ்வமைப்பு நீண்டகாலம் உழைக்கும். இத்தகைய வண்டிகளிற் பற்றரி இருப்பது ஹோர்னுக்கும் சமிக்ஞை விளக்குக்குமே. அது இல்லையென்றால் ஹோர்ன் ஒலிக்காது. தெருவில் வாகனமே அருகிப்போன காலத்தில் ஹோர்ன் எதற்கு?

நெருப்புக் கிடைத்தது, எரிநெய்க்கு வழி? பெற்றோல் துளிக்கணக்கில் கள்ள விலைக்கு விற்றது. மண்ணெண்ணெய் அளவோடு கிடைத்தது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் வித்தையை யாழ்ப்பாணத்தவர் ஏதோ ஓரிரவில் கண்டுபிடித்தார்கள் என்று கூறுவோர் உளர். அவ்வாறன்று. துலா மிதித்து இறைத்த கிணறுகளில் நீரிறைக்கும் யந்திரம் வந்த நாள் முதலே, குடாநாட்டுக் கமக்காரருக்கு அது கைவந்த கலை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் நீர் இறைத்த அச்சிறு யந்திரங்கள், பெற்றோலில் தொடங்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறும். அவற்றிலும் பொறி தருவது பிளைவீல் மக்னீற்றோவே. கயிற்றைச் சுற்றி இழுத்தால் போதும். கரையோரக் கிராமங்களில் வள்ளங்களின் பின்புறத்தில் மாட்டும் யந்திரங்களும் இவ்வினத்தவையே. கிணற்றடியிலும் கடற்கரையிலும் கற்றது தெருவுக்கு வந்தது என்பதே பொருத்தம். இங்கிலாந்தின் கமங்களில் 1950களில் உழுத பெர்குசன் உழவியந்திரங்களிற் பலவும் இவ்வாறே பெற்றோலில் தொடங்கி, மண்ணெண்ணெய் இனத்து எரிநெய்யில் ஓடின.

மண்ணெண்ணெய் குளிர்ந்த யந்திரத்தில் ஆவியாகாது. ஆகவே காபரேற்றருக்குள்ளோ பிளக்கின் துளைக்குள்ளோ சில துளி பெற்றோலை விட்டு யந்திரத்தைத் தொடக்கி, சிலிண்டர் சுட்டபின் மண்ணெண்ணெயைத் திறக்க வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன் மீண்டும் பெற்றோலுக்கு மாறாவிடில், ஆறிய யந்திரம் அடுத்த முறை அசையாது. மண்ணெண்ணெய் முழுவதும் எரியாமல் பிளக்கில் கரி படியும்; எஞ்சியது பிஸ்ரனைத் தாண்டி வழிந்து ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். அழுத்தம் மிகுந்தால் நேரத்துக்கு முன்னரே வெடித்து, சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி எழும். எம் 20 போன்ற பழைய வண்டிகளின் அமுக்க விகிதம் ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்றாதலால், அவை இதைப் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. சிறிய யப்பானிய யந்திரங்களில் அவ்விகிதம் மிக உயர்வு. சிலிண்டரின் அடியில் தடித்த கஸ்கற் இட்டு அதனைக் குறைக்க வேண்டிவரும்.

இங்கே மக்னீற்றோவின் இன்னொரு சிறப்பு வெளிப்படுகின்றது. பழைய பிரித்தானிய வண்டிகளிற் பலவற்றின் இடக் கைப்பிடியில் ஒரு சிறு நெம்பு உண்டு. பொறி முந்தி விழுவதா, பிந்தி விழுவதா என்பதனை ஓட்டுநரே அதனால் தீர்மானிக்கலாம். தொடக்கும்போது பொறி பிந்த வேண்டும். முந்தி விழுந்தால், மேலெழும் பிஸ்ரன் பின்னோக்கித் தள்ளப்பட்டு, கிக்கர் உதைத்தவரையே திருப்பி உதைக்கும். கணுக்கால் முறிந்தோரும் உளர். ஓடத் தொடங்கியபின் நெம்பை மெல்ல முன்தள்ள வேண்டும். தாழ்ந்த எரிநெய்யால் தட்டும் ஒலி கேட்டால், ஒலி அடங்குமளவும் சற்றே பின்னிழுக்க வேண்டும். செவியால் யந்திரத்தின் நாடி பார்க்கும் வைத்தியம் இது. தானே சரிசெய்யும் அமைப்புகளுக்குப் பழகிய இக்காலத்து இளைஞருக்கு இது தொல்லையாகத் தோன்றலாம். பழகியவருக்கோ இதிலேதான் ஓட்டத்தின் சுவை.

இன்று அந்நிலை மாறிவிட்டது. தடைகளிற் பல 1994இல் தளர்ந்தன. 2002இல் திறந்து 2006இல் மூடிய ஏ 9 பாதை, 2009இல் போர் முடிந்தபின் மீண்டும் திறந்தது. பற்றரி இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும். பழைய வண்டிகளைத் தேடித் துடைத்துப் பூச்சிட்டு ஓட்டும் ஆர்வம் பெருகியுள்ளது. அவ்வார்வலர் முன் ஒரு கேள்வி நிற்கின்றது. இடர் தரும் மக்னீற்றோவைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் பற்றரியும் கொயிலும் பொருத்திவிடலாமா? பலர் அவ்வாறே செய்கின்றனர். மலிவும் எளிமையும் அதற்குக் காரணங்கள். ஆனால் மக்னீற்றோ இடர் தருகின்றது என்று கூறப்படும் இடங்களிற் பத்தில் ஒன்பது, அது பராமரிக்கப்படாத இடங்களே. வண்டியின் இதயத்தை மாற்றுமுன் அதன் நோய் யாதென அறிவது நன்று.

முதலாவது நோய் ஈரம். நாற்புறமும் கடலும் களப்பும் சூழ்ந்த குடாநாட்டில், உப்புக் காற்றும் மாரிக்கால ஈரமும் கூட்டின் உள்ளே புகும். வளையத்தைச் சூழ்ந்த காப்புப் பகுதியில் ஈரமும் காபன் தூளும் சேர்ந்தால், பல்லாயிரம் வோல்ற்று பிளக்குக்குப் போகாமல் குறுக்கு வழியில் மண்ணுக்கு இறங்கிவிடும். ஆறு மாதத்துக்கொருமுறை காபன் தூரிகையைக் கழற்றி, உலர்ந்த மெல்லிய துணியைக் குச்சியில் சுற்றி, வளையத்தைத் துடைத்தாற் போதும். பொயின்றின் இடைவெளி லூக்காஸ் மக்னீற்றோவில் ஓரங்குலத்தின் ஆயிரத்தில் பன்னிரண்டு, அதாவது ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர். பிளக்கின் இடைவெளி அரை மில்லிமீற்றர். பற்றரி வண்டிக்கு வைப்பது போல் பிளக்கை அகலத் திறந்துவிட்டு, பொறி மெலிந்தது என்று மக்னீற்றோவைக் குறை கூறுவோர் பலர்.

இரண்டாவது நோய் சூடு. காலையில் ஓருதையில் தொடங்கிய வண்டி, பத்து மைல் ஓடிக் கோயில் வாசலில் நின்றபின் எத்தனை உதைத்தாலும் தொடங்காது. ஆறியபின் மீண்டும் ஒன்றும் நடவாதது போல் தொடங்கும். இக்குணம் காட்டினால், குற்றவாளி பெரும்பாலும் கொன்டென்சர், அல்லது சுருளின் காப்பு. பழைய சுருள்களுக்கு அரக்கு பூசுவது வழக்கம். வெப்ப நாட்டில் அவ்வரக்கு இளகி, சுழற்சியால் வெளியே தெறித்துச் சுருளைக் கூட்டோடு ஒட்டச் செய்வதும் உண்டு. இதற்குச் சுருளைக் கழற்றிப் புதிதாகச் சுற்றி, இன்றைய காப்புப் பூச்சு இட்டு, புதிய கொன்டென்சரும் வைப்பதே தீர்வு. மோட்டார் சுற்றும் தொழிலாளர் யாழ்ப்பாணத்தில் எக்காலத்தும் இருந்து வந்துள்ளனர். நீரிறைக்கும் யந்திரம் அவர்களை வாழ வைத்தது. ஆனால் மயிரினும் மெல்லிய கம்பியை, ஒரு சுற்றும் அறாமல், பல ஆயிரம் முறை சுற்றும் பொறுமை வேறு. அக்கை உள்ளவர்கள் முதுமையடைந்து வருகின்றனர். இளையோர் அதனைக் கற்பதற்கு வண்டிகள் பட்டறைக்கு வந்துகொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு மக்னீற்றோவும் கழற்றி மூலையில் எறியப்படும்போது, அவர்களுக்கு ஒரு வேலை குறைகின்றது.

சுருளை வெளியே எடுக்கும்போது ஒன்றை மறக்கலாகாது. காந்த முனைகளுக்கு நடுவிலிருந்து சுருளை நீக்கியவுடன், அவற்றை ஓர் இரும்புத் துண்டால் இணைத்து வைக்க வேண்டும். அவ்வாறன்றி நாட்கணக்கில் வெறுமனே விட்டால் காந்தம் வலுவிழக்கும். பின்பு எத்துணை நன்றாகச் சுற்றினாலும் பொறி மெலிந்தே இருக்கும். மீண்டும் காந்தமூட்டும் கருவி உள்ள பட்டறையைத் தேடி அலைய வேண்டும்.

இது பழம்பொருளின்மேற் கொண்ட வெறும் பாசமன்று. செஸ்னா போன்ற பிஸ்ரன் யந்திரச் சிறு விமானங்களிற் பல இன்றும் மக்னீற்றோவிலேயே பறக்கின்றன. ஒன்றல்ல, ஒவ்வொரு யந்திரத்துக்கும் இரண்டு. வானத்தில் பற்றரி ஓய்ந்தாலும் பொறி ஓயலாகாது என்பதே காரணம். இன்று வீதியில் ஓடும் சிறு மோட்டார் சைக்கிள்கள் பலவற்றிலும், பொயின்ற் இருந்த இடத்தில் மின்னணு உறுப்பு வந்ததேயன்றி, பொறிக்குரிய மின்சாரத்தைப் பிளைவீலின் காந்தமே தருகின்றது.

ஓர் எச்சரிக்கை எஞ்சியுள்ளது. பற்றரி வண்டியில் வயர் ஒன்று அறுந்தால் யந்திரம் நிற்கும். மக்னீற்றோ வண்டியிலோ, நிறுத்தும் பொத்தான் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கியே யந்திரத்தை நிறுத்துகின்றது. அவ்வயர் அறுந்தால் யந்திரம் நில்லாது; திறப்பை எடுத்துச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய வண்டியை முதன்முறை தெருவுக்கு எடுக்குமுன், அது எப்படித் தொடங்குகின்றது என்று பார்ப்பதோடு, எப்படி நிற்கின்றது என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பொத்தான் வேலை செய்யாவிடில், மேல் கியரில் இட்டு, இரு பிரேக்கையும் இறுகப் பிடித்து, கிளச்சை மெல்ல விட்டால் யந்திரம் திணறி நின்றுவிடும்.